கச்சான் காற்றுக்கும் சவர்த் தண்ணீருக்கும் தாங்கும் வெட்டுப்பூ: வாளியில் வளர்க்கும் முறை

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வளர்ந்த ரோசாவும் கார்னேஷனும் ஜெர்பராவும் மலையிறங்கித் திருகோணமலைக் கடைக்கு வந்து சேரும்போதே நன்றாகக் களைத்துப் போயிருக்கும். அதை வாங்கி வந்து வைகாசி வெயிலில் விறாந்தை மேசையில் வைத்தால் மூன்றாம் நாள் கழுத்துத் தொங்கிவிடும். பூவில் பிழை இல்லை, விற்றவரிலும் பிழை இல்லை, அந்தப் பூவுக்கு இந்த ஊர் ஒத்துவராது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. அதுவரை அதே மலைநாட்டுப் பூக்களின் கன்றுகளை வாங்கி வந்து, திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் உப்புவெளியில் சாடியில் வைப்பதும், பங்குனி முடிவதற்குள் அவை கருகிப்போவதைப் பார்த்துக் கவலைப்படுவதுமாகத்தான் இருந்தேன்.

இப்போது பின் விறாந்தையிலும் கிணற்றடியிலுமாக 14 வாளிகள் நிற்கின்றன. மாரி கொட்டும் ஒன்றரை மாதத்தைத் தவிர, மேசையில் ஒரு போத்தல் பூவாவது இல்லாத கிழமை குறைவு. பெரிய வளவு தேவையில்லை. ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் நேர் வெயில் விழும் இடம் வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும். மொட்டைமாடியும் சரிதான், ஆனால் அங்கே காற்று இரண்டு மடங்கு அடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தப் பூ

வெட்டி வைக்கும் பூ என்றால் முதலில் இரண்டு விடயம் பார்க்க வேண்டும்: தண்டு நீளமாக இருக்க வேண்டும், வெட்டியபின் தண்ணீரில் ஒரு கிழமையாவது நிற்க வேண்டும். மல்லிகையும் செவ்வரத்தையும் எவ்வளவு அழகென்றாலும் இந்த வேலைக்கு ஆகாது. செவ்வரத்தம்பூ பொதுவாக ஒரே நாளில் வாடிவிடும்.

எங்கள் வெப்பத்துக்குப் பொருந்துகிற பூக்கள் பெரும்பாலும் மெக்சிக்கோவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் இருந்து உலகெங்கும் பரவியவை. சீனியா, செவ்வந்தி (மேரிகோல்ட்), கொஸ்மஸ், நிலசம்பங்கி எல்லாம் அந்தப் பக்கத்துப் பூக்கள்தான். வெயில் அவற்றுக்குப் பழகியது. வாடாமல்லிகையும் கோழிக்கொண்டையும் அப்படியே, வெயில் ஏற ஏற நிறம் கூடும். இந்த ஐந்தாறு பூவை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கச் சமாளிக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சீனியாவில் தொடங்குங்கள். விதைப் பொட்டலத்தில் ஜின்னியா என்றும் எழுதியிருப்பார்கள். விதைத்த 4, 5 நாளில் முளைக்கும், 60 முதல் 70 நாளில் முதல் பூ வரும், அதன்பிறகு வெட்ட வெட்ட வந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தில் உயரத்தைப் பாருங்கள், இது மிக முக்கியம். ஒரு அடி உயரம் என்று போட்டிருந்தால் அது முற்றத்தில் பார்க்கும் குள்ள வகை. அதில் எவ்வளவு பூத்தாலும் போத்தலில் வைக்கத் தண்டு கிடைக்காது. இரண்டரை, மூன்று அடி என்று போட்டிருக்க வேண்டும். பெனரிஸ் ஜயன்ட் என்ற பெயரில் வரும் வகை வெட்டுப்பூவுக்கென்றே தெரிவுசெய்தது, கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

சூரியகாந்தியில் இரண்டு வகை. ஒன்று கிளைவிட்டு நிறையப் பூக்கும், மற்றது ஒரே தண்டு, ஒரே பூ, அதோடு அதன் வேலை முடிந்தது. வாளிக்கு இரண்டாவதுதான் நல்லது. மகரந்தம் உதிராத வகையாக இருந்தால் மேசைவிரிப்பில் மஞ்சள் பொடி கொட்டாது. ஒரு 20 லீற்றர் வாளியில் 5 விதை நெருக்கமாகப் போடலாம், நெருக்கம் கூடினால் பூ சிறுக்கும், போத்தலுக்கு அந்தச் சிறிய பூதான் அளவு. 50, 60 நாளில் வெட்டிவிடலாம், பிறகு வாளி அடுத்த பயிருக்குத் தயார்.

நிலசம்பங்கிக்குப் பொறுமை வேண்டும். கிழங்கு நட்டு மூன்று, நான்கு மாதம் வெறும் புல் போலத்தான் நிற்கும். ஆனால் அதன் ஒரு தண்டை இரவில் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், அந்த வாசனைக்காகவே ஒரு வாளியை ஒதுக்கத் தோன்றும். ஒரு வாளிக்கு 5 கிழங்கு, இரண்டு அங்குல ஆழம்.

செவ்வந்திபற்றி ஒரு எச்சரிக்கை. கோயில் மாலைக்கு வரும் பெரிய மஞ்சள், செம்மஞ்சள் செவ்வந்தியைத்தான் சொல்கிறேன். தண்ணீரில் ஒரு கிழமைக்கு மேலும் நிற்கும், ஆனால் பூவுக்குக் கீழே கழுத்து உள்ளே கோறையாக இருப்பதால் தூக்கும்போது மடங்கும். பூவைப் பிடித்துத் தூக்காதீர்கள், தண்டில் பிடியுங்கள்.

கடைகளில் வரும் பெரிய கிரிசாந்திமம் இங்கே வருமா என்று பலர் கேட்கிறார்கள். கன்று பிழைக்கும், தண்டுதான் நீளாது. அந்தச் செடி இரவு நீளமாக இருந்தால் மொட்டு வைக்கும் பழக்கமுள்ளது. எங்கள் ஊரில் பகலும் இரவும் வருடம் முழுக்க ஏறக்குறையச் சமம், மிக நீண்ட பகலும் 12 மணித்தியாலம் 40 நிமிடத்தைத் தாண்டாது. அதனால் கன்று அரை அடியிலேயே மொட்டு வைத்துவிடும். பெரிதாக வளர்ப்பவர்கள் இரவில் விளக்குப் போட்டு அதை ஏமாற்றித்தான் தண்டை நீட்டுகிறார்கள். வீட்டில் அது தேவையில்லாத செலவு.

இலையையும் மறக்கக்கூடாது. வெறும் பூவை மட்டும் போத்தலில் குத்தினால் நிரம்பாது. ஒரு வாளியில் துளசி, கதவு வாசலில் ஒரு குரோட்டன், நிழல் பக்கத்தில் ஒரு சாடி பன்னம், இவ்வளவும் இருந்தால் மூன்று பூவிலேயே மேசை நிறைந்துவிடும்.

வாளியும் மண்ணும்

20 லீற்றர் பெயின்ற் வாளிதான் என் தெரிவு. வீடு கட்டும் இடங்களில் கேட்டால் சும்மாவே தருவார்கள். தண்ணீரில் கரையும் பெயின்ற் இருந்த வாளியாகப் பார்த்து எடுத்து, உரித்துக் கழுவி, அடியில் அரை அங்குலத் துளை எட்டுப் போடுங்கள். பக்கத்திலும், அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே, நான்கு துளை. தரையில் நேராக வைத்தால் அடித்துளை அடைபட்டுவிடும் என்பதால் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். கறுப்பு வாளி, கறுப்புப் பொலித்தீன் பை இரண்டையும் நான் விட்டுவிட்டேன். ஆடி மாதம் பின்னேரம் 2 மணிக்குக் கறுப்புச் சாடியின் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், அந்தச் சூட்டில்தான் வேர் கிடக்கிறது. வேறு வழியில்லை என்றால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், இல்லை சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள்.

எங்கள் பக்கத்து மண் வெறும் மணல். அதை அப்படியே வாளியில் போட்டால் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு இருக்காது. கடற்கரை மணலை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், எத்தனை தரம் கழுவினாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் சேர்ப்பது: தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கருகிய உமி அரைப் பங்கு. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல் விளையும் பூமி என்பதால் உமி கிடைப்பது கஷ்டமில்லை. அதைக் கரியாகும் மட்டும் எரித்துத் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாகும்வரை விட்டால் மண்ணுக்குக் காரம் ஏறிவிடும்.

தும்புத்தூளில் ஒரு விடயம். கட்டியாக வாங்கும் தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய கட்டியை ஊறவைத்து அப்படியே போட்டேன். மூன்று வாளிச் சீனியா, இரண்டு இலைப் பருவத்திலேயே ஓரம் கருகிப் போனது. அதன்பிறகு ஒரே ஒழுங்கு வைத்திருக்கிறேன்: நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, பிழிந்து கொட்டி, மறுபடி ஊறவைத்து, மூன்று தரம் இப்படிச் செய்த பிறகுதான் கலப்பது.

பசளைக்கு வருவோம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய அந்த மாதங்களில் வீட்டில் கூட்டெரு செய்யப் பழகியவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருத்தி. அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் வாளியில் வளரும் வெட்டுப்பூவுக்கு எரு மட்டும் காணாது என்பது என் அனுபவம். மொட்டு வைக்கத் தொடங்கியதும் கிழமைக்கு ஒருமுறை அல்பேட் என்ற பல சத்துச் சேர்ந்த பசளை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன். யூரியா வேண்டாம். இலை கொழுத்து, தண்டு மெத்தென்று வந்து, காற்றுக்கு முறியும்.

தண்ணீர்

இந்த ஊரில் சாடிப்பூவைச் சாகடிப்பது வெயில் அல்ல, சவர். கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் தை மாசி வரை தண்ணீர் குடிக்கும்படி இருக்கும், ஆனி ஆடியில் வாயில் வைத்தாலே கரிக்கும். அந்தத் தண்ணீரை நாளுக்கு இரண்டு தரம் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு வாளிக்குள்ளேயே நிற்கும், நாளுக்கு நாள் கூடும். நிலத்தில் என்றால் மழை கழுவிக்கொண்டு போய்விடும், வாளிக்குள் நாங்கள் கழுவிவிடாமல் அது போகாது.

அறிகுறி எளிது. வாளியின் உள்விளிம்பில், மண்ணைத் தொடும் இடத்தில், மெல்லிய வெள்ளைப் பொடி படரும். அதைக் கண்டதும் பழைய இலைகளைத் திருப்பிப் பாருங்கள், நுனியிலும் ஓரத்திலும் காகிதம் சுட்டதுபோலப் பழுப்புக் கோடு இருக்கும். நிறையப் பேர் இதைத் தண்ணீர் போதாமை என்று நினைத்து அதே கிணற்றுத் தண்ணீரை இன்னும் கூட்டி ஊற்றுகிறார்கள். செய்ய வேண்டியது கழுவுவது. குழாய்த் தண்ணீரோ சேர்த்துவைத்த மழைத் தண்ணீரோ எடுத்து, 20 லீற்றர் வாளிக்கு 40 லீற்றர், மெதுவாக, அடித்துளையால் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஊற்றுங்கள். கோடையில் மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை. கழுவிய மறுநாள் பாதி அளவுப் பசளை கொடுங்கள், ஏனென்றால் உப்போடு சத்தும் போயிருக்கும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்தால் அதில் நாற்றுகளை வளர்த்துவிடலாம், பெரிய கன்றுகள் ஓரளவு சவர் தாங்கும், நாற்றுத் தாங்காது. பீப்பாவுக்கு இறுக்கமான மூடி வேண்டும். வாளிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையிட அந்த அரை அங்குலத் தண்ணீர் போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அதைத்தான்.

ஊற்றும் நேரம் காலை 7 மணிக்கு முன். வைகாசி தொடக்கம் ஆவணி வரை பின்னேரம் 5 மணிக்கு இன்னொரு தரம். தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், சீனியா இலை நனைந்தால் இலைப்புள்ளி நோய் பிடிக்கும். மதியத்தில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். விரலை இரண்டாவது மூட்டு வரை மண்ணுக்குள் விடுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், பொழுது சாய அது தானாக நிமிரும். மேலே இரண்டு அங்குலம் வைக்கோல் பரப்பினால் பின்னேரத் தண்ணீரைச் சில நாளில் தவிர்க்கலாம்.

விதைப்பதும் கிள்ளுவதும்

சீனியாவையும் சூரியகாந்தியையும் நேரே வாளியில் விதையுங்கள், வேரைக் குழப்பினால் அவற்றுக்குப் பிடிக்காது. கோழிக்கொண்டை, வாடாமல்லிகை, செவ்வந்தி மூன்றையும் யோகட் கோப்பையில் முளைக்க வைத்து நான்கு இலையில் மாற்றலாம். கோழிக்கொண்டை விதை கடுகை விடச் சிறிது, மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி விரலால் அழுத்தினால் காணும். ஒரு வாளிக்கு மூன்று கன்று. நான்காவது கன்றை எடுத்து எறிய மனம் வராது, எனக்கும் வராது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இனி மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. சீனியா ஒரு அடி உயரம் வந்து நான்காவது சோடி இலை விரிந்ததும், மூன்றாவது சோடிக்கு மேலே நுனியைக் கிள்ளி எடுக்க வேண்டும். அதில் ஒரு குட்டி மொட்டும் இருக்கலாம், இருந்தாலும் கிள்ள வேண்டும். முதல் தரம் நான் கிள்ளும்போது அம்மா பின்னால் நின்று, "நல்லா வாற கன்றை ஏன் பிள்ளை முறிக்கிறாய்?" என்று கேட்டா. இரண்டு நாள் அந்த இடம் காய்ந்து பழுப்பாக நின்றது. ஐந்தாம் நாள் காலை பார்த்தால் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் கடுகளவு பச்சை முளை, ஆறு இலைக்கு ஆறு. ஒரு தண்டு வர வேண்டிய கன்றில் ஆறு தண்டு வந்தது, அதுவும் நேராக, நீளமாக. அம்மா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தா. இப்போது கன்று உயர்ந்ததும் "இன்னும் கிள்ளேல்லையோ" என்று கேட்பது அவதான்.

வாடாமல்லிகை, செவ்வந்தி, தீபம்போல நீண்டு பூக்கும் கோழிக்கொண்டை இவற்றையும் கிள்ளலாம். ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தியையும், சேவலின் கொண்டைபோல மடிப்பு மடிப்பாக விரியும் கோழிக்கொண்டையையும் கிள்ளக்கூடாது, அவற்றுக்கு அந்த ஒரு நுனிதான் எல்லாம்.

காற்று

வைகாசியில் கச்சான் தொடங்கினால் மேற்கிலிருந்து வரும் அந்தச் சூடான வறண்ட காற்று ஆவணி வரை விடாது. மூன்றடி உயரச் சீனியாவை ஒரே பின்னேரத்தில் படுக்கவைத்துவிடும். ஒவ்வொரு தண்டுக்கும் குச்சி நட்டுக் கட்டுவது நடக்கிற காரியமில்லை. பூ வளர்க்கும் தொழில் செய்பவர்கள் பாத்திக்கு மேலே கிடையாக வலை கட்டுவார்கள், தண்டுகள் கண்களுக்குள்ளால் மேலே வளரும். அதற்கென்று வலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, எங்கள் ஊரில் வலைக்கா பஞ்சம். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணையிடம் கேட்டேன். "இது இனிக் கடலுக்கு உதவாது தங்கச்சி, பூவுக்கு உதவுமெண்டா கொண்டு போங்கோ" என்று ஒரு சுருளையே தந்தார்.

வலையை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுங்கள். கண் சின்னதாக இருந்தால் தண்டு சிக்கி இலை கிழியும், அதனால் நான்கு கண்ணுக்கு நடுவிலுள்ள முடிச்சை வெட்டி ஒரு பெரிய கண்ணாக்குங்கள், ஒரு உள்ளங்கை போய்வரும் அளவு. வாளிகளை வரிசையாக நெருக்கி வைத்து, நான்கு மூலையிலும் கிளிசரிடியாக் கம்பு நட்டு, ஒரு அடி உயரத்தில் ஒரு வலை, இரண்டு அடியில் இன்னொன்று, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். கன்று சின்னதாக இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். வளர்ந்தபின் மேலாலே போர்த்தினால் பாதித் தண்டு முறியும்.

வெட்டுவது

வெட்டுப்பூ வளர்ப்பவர்களில் பலர் பிழைவிடும் இடம் இதுதான். பூவைச் செடியில் விட்டுவிடுகிறார்கள். வாடி விதை வைத்ததும் அந்தக் கன்று தன் வேலை முடிந்ததென்று அடுத்த மொட்டைக் குறைத்துவிடும். வெட்டினால்தான் வரும். வீட்டுக்கு வேண்டாமென்றாலும் கிழமைக்கு இரண்டு தரம் வெட்டுங்கள். கோயிலுக்குக் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

எப்போது வெட்டுவதென்பது ஒவ்வொரு பூவுக்கும் வேறு. சீனியாவுக்கு ஒரு சோதனை இருக்கிறது. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். பூ தலையாட்டிப் பொம்மைபோலத் தொளதொளவென்று ஆடினால் இன்னும் பிஞ்சு, வெட்டினால் அன்று இரவே தலை கவிழும், பிறகு நிமிராது. தண்டு முழுவதும் ஒரு குச்சிபோல விறைப்பாக அசைந்தால் வெட்டலாம். பார்வைக்கு இரண்டு பூவும் ஒரேமாதிரி விரிந்திருக்கும், ஆட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

சூரியகாந்தியை முதல் இதழ்கள் நடுவட்டத்திலிருந்து எழும்பத் தொடங்கும்போதே வெட்டுங்கள், மிச்சம் போத்தலில் விரியும். செவ்வந்தி முக்கால்வாசி விரிந்ததும். நிலசம்பங்கி அடியில் இரண்டு, மூன்று பூ திறந்ததும். கோழிக்கொண்டையும் வாடாமல்லிகையும் மட்டும் அவசரமில்லை, நிறம் முழுதாக ஏறிய பிறகு வெட்டலாம், முன்னுக்கு வெட்டினால் கழுத்து வாடும்.

வெயில் ஏறமுன், 6 மணியளவில், சுத்தமான வாளியில் அரைவாசித் தண்ணீரோடு கன்றடிக்குப் போங்கள். பூவை வெட்டிக் கையில் சேர்த்துக்கொண்டு பிறகு குசினிக்குப் போய்த் தண்ணீரில் வைப்பது கூடாது, அந்தப் பத்து நிமிடத்தில் தண்டின் வாய்க்குள் காற்றுப் போய் அடைத்துக்கொள்ளும். கூரான கத்தரி, ஒவ்வொரு நாளும் கழுவியது. தண்டை நீளமாகவே எடுங்கள், அடியில் இரண்டு சோடி இலையை மட்டும் கன்றில் விட்டு அதற்கு மேலே சரிவாக வெட்டுங்கள். நீளமாக வெட்டப் பயந்து கட்டைத் தண்டாக எடுத்தால் அடுத்து வருவதும் கட்டையாகத்தான் வரும். தண்ணீருக்குள் போகும் பகுதியில் ஒரு இலையும் இருக்கக்கூடாது. அப்புறம் வாளியோடு வீட்டின் இருட்டான, குளிர்ந்த மூலையில் இரண்டு மணித்தியாலம் வைத்துவிடுங்கள், பூ வயிறுமுட்டத் தண்ணீர் குடிக்கட்டும். அதன்பிறகுதான் போத்தலில் அடுக்குவது.

போத்தல் தண்ணீருக்கு: ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, ஒரு தேக்கரண்டி துணி வெளுக்கும் ப்ளீச். சீனி பூவுக்குச் சாப்பாடு, தேசிக்காய் தண்ணீர் ஏற உதவும், ப்ளீச் கிருமியைத் தடுக்கும். ப்ளீச்சை முதலில் அந்த ஒரு லீற்றரிலும் கலந்துவிட்டுத்தான் சாறு விட வேண்டும். இரண்டையும் தண்ணீரில்லாமல் நேரே சேர்த்தால் மூச்சைத் தாக்கும் வாயு கிளம்பும், கவனம். ப்ளீச் இல்லையென்றால் சீனியையும் விட்டுவிடுங்கள், வெறும் சீனித் தண்ணீர் ஒரே நாளில் வழுவழுத்துப் போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டில் அரை அங்குலம் புதிதாக வெட்டிவிடுங்கள். மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். பழுக்கும் வாழைப்பழம், மாம்பழத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், பழம் விடும் வாயு பூவை முதுமையாக்கும். சீனியாவைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், குளிர் பட்டால் அதன் இதழ் கறுக்கும்.

பூச்சி, மான்

அழுக்கணவனுக்கும் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டும் பூச்சிக்கும் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரக் கரைசல், பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தால் போதும். விரிந்த பூவில் படக்கூடாது. வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த இலையைக் கிள்ளி எடுத்து, வாளிகளைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

பிரெட்ரிக் கோட்டை, கோணேசர் கோயில் வீதி, டச்சுக் குடாப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய பூச்சி புள்ளிமான்தான். அவை பாவம், நகரத்துக்குள்ளேயே வாழப் பழகியவை. அவற்றைத் துரத்துவதை விட வாளிகளைக் கேற்றுக்கு உள்ளேயோ மாடியிலோ வைப்பது நல்லது. செவ்வந்தியையும் துளசியையும் அதன் வாசனைக்கு அவ்வளவாகத் தொடாது, சூரியகாந்திக் குருத்தை விடவே விடாது.

எந்த மாதம் எது

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு மேசையில் சீனியா வேண்டுமென்றால் தை மாதம் நடுவில், அதாவது ஜனவரி கடைசிக் கிழமையில் விதைக்க வேண்டும். வருடத்தில் மிகச் சுலபமான விதைப்பு அதுதான், மழை ஓய்ந்து, கிணறு இனித்து, வெயில் இன்னும் கடுமையாகாத நேரம். சூரியகாந்தியை அந்த நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு வாளியாகப் போட்டால் பங்குனி, சித்திரை முழுக்க வெட்டலாம். நவராத்திரிக்குக் கோழிக்கொண்டையும் வாடாமல்லிகையும், ஆனி மாதத்தில் நாற்றுப் போட்டு. ஆடி வெயிலில் சீனியாவுக்கு உச்சி நேரத்தில் கிடுகு நிழல் கொடுத்தால் தப்பும். ஐப்பசி மழை தொடங்கியதும் நல்ல கன்றுகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள், மிச்சத்தைப் பிடுங்கிவிட்டு வெறும் வாளிகளை வெளியே மழையில் விடுங்கள். வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பை வானமே கழுவித் தரும்.

பூ இல்லாத அந்த ஒன்றரை மாதத்துக்கு வாடாமல்லிகை இருக்கிறது. கச்சான் காலத்தில் நிறம் நன்றாக ஏறிய தண்டுகளை வெட்டி, இலையை உருவி, பத்துப் பத்தாக நூலால் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அந்த வறண்ட காற்றில் பத்து, பன்னிரண்டு நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், ஊதா அப்படியே இருக்கும். காய்ந்ததும் பத்திரிகைத் தாளில் சுற்றி மூடியுள்ள டின்னில் போட்டுவையுங்கள், வெளியில் விட்டால் வாடைக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்த்திகையில் வாளிகள் வெறுமையாக மழையில் நிற்கும்போது எங்கள் வீட்டு மேசையில் இருப்பது அந்தக் கட்டுத்தான், தண்ணீரில்லாத போத்தலில்.